மன்னார்க் காற்றும் மவுசும்

மவுசைக் கவிழ்த்து, அடியிலுள்ள வளையத்தைத் திருகி, பந்தை வெளியில எடுத்து, உள்ளே ஒட்டின ஊத்தையை நகத்தால சுரண்டின ஆக்கள் இங்க எத்தனை பேர்? மன்னார்த் தீவில சோளகம் எழும்பினால் மணல் போகாத இடமில்லை. கேம் நடுவில குறி துள்ளும். தோத்த பிறகுதான் பந்தைக் கழட்டுவோம்.

மவுஸ் பிறந்தது 1964இல், அமெரிக்காவில். டக்ளஸ் ஏங்கல்பார்ட்டின் யோசனையை பில் இங்கிலிஷ் செய்து காட்டினார்: ஒரு மரப்பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சில்லு, மேலே ஒரு பட்டன். பிறகு சில்லுகளின் இடத்துக்குப் பந்து வந்தது. பந்து உருள, உள்ளேயுள்ள இரண்டு உருளைகள் சுற்றும். அந்த உருளைகளில்தான் ஊத்தை படியும்.

1999இல் ஒரு வேடிக்கை நடந்தது. விளையாடுபவர்களுக்கென்றே ரேசர் நிறுவனம் 'பூம்ஸ்லாங்' மவுசைக் கொண்டுவந்தது. 2000 டிபிஐ, ஆனால் உள்ளே அதே பந்து. அதே வருசம் மைக்ரோசாப்டின் 'இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர்' பந்தையே தூக்கிப்போட்டது. சிவப்பு வெளிச்சம் பாய்ச்சி, மேசையை வினாடிக்கு 1500 தரம் படமெடுத்து, அசைவைக் கணக்கிட்டது. உருளை இல்லை, சுரண்டுற வேலையும் இல்லை.

மணல் தோற்றது. ஆனால் உப்பு மிச்சம். பட்டனுக்குள் மெல்லிய உலோகத் தகடுதான் தொட்டு விலகும். அது தேய்ந்தோ கறுத்தோ போனால் ஒரு கிளிக் இரண்டாகும். கடற்காத்து உலோகத்தைச் சும்மா விடுமா? என்ர மவுஸ் ஒரு வருசத்திலயே அப்படிப் போச்சு. இதற்கும் வெளிச்சம்தான் மருந்தானது: 2019இல் வந்த ரேசர் 'வைப்பர்' மவுசில் கிளிக்கை அறிவது அகச்சிவப்புக் கதிர். சிக்னலுக்கு உலோகம் தொடத் தேவையில்லை.

ஆனால் பெட்டியில பெரிசா அச்சடிக்கிறது டிபிஐயைத்தான். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளி எண்ணும் என்பதே அது. கூடினால் குறி வேகமாய் ஓடும், குறி தப்பாது எண்டு அர்த்தமில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் பலர் 400க்கும் 1600க்கும் இடையில்தான் வைத்திருக்கிறார்கள்.

அதனால தம்பி, தங்கச்சி, காசு குடுக்க முதல் ரெண்டு விசயம் பாருங்கோ: கைக்குள்ள அடங்குதா? பட்டனுக்குள்ள இருக்கிறது தகடா, வெளிச்சமா? கொழும்பில இருந்து வாங்கினாலும், அது வேலை செய்யப்போறது மன்னார்க் காத்துக்குள்ளதானே.