தாய்மாமன் நிலம்: பார்வையும் பேரேடும்

கரையில் நின்று கடல்நாய்களைப் பார்ப்பது ஒன்றும் அப்பாவித்தனமான காரியமில்லை. பார்க்கிறவன் யாரு, அவன் கையிலிருப்பது தூரிகையா, தடியா, பேரேடா என்பதையும் சேர்த்தே அந்தப் பார்வையை வாசிக்க வேண்டும் என்கிறேன். பேரிங் கடலிலுள்ள செயின்ட் பால் தீவை எடுத்துக்கொள்வோம்.

உனங்கன் மக்களின் மொழியில் அது 'தாய்மாமன் நிலம்'. எழுதப்பட்ட வரலாறோ, 1786இல் பிரிபிலோவ் என்ற ருஷ்ய மாலுமி பக்கத்துத் தீவைக் 'கண்டுபிடித்த'திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கோடையில் உரோமக் கடல்நாய்கள் கூட்டங்கூட்டமாக அங்கே குட்டிபோடக் கரையேறும். தோலுக்காக அவற்றைக் கொல்ல, அலூஷியன் தீவுகளிலிருந்து உனங்கன்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள் ருஷ்யர்கள். 1867இல் அலாஸ்காவை அமெரிக்கா வாங்கியது. கடல்நாயும் கைமாறியது, ஆளும் கைமாறினான்.

1872இல் கருவூலத் துறை அலுவலராக வந்த ஹென்றி எலியட் கரையில் நின்று கூட்டங்களை அளந்தார், எண்ணினார், நீர்வண்ணத்தில் தீட்டினார். பிற்பாடு நடுக்கடல் வேட்டைக்கு எதிராக ஓயாமல் வாதாடினார். 1911இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ருஷ்யா நான்கும் ஒப்பந்தம் போட்டு அந்த வேட்டையைத் தடுத்தன. கடல்நாய்கள் பிழைத்தன, இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கரையில் கொல்கிற உரிமை அரசிடமே இருந்தது. தடி பிடிக்கிற வேலை உனங்கன்களுக்கு.

1942 ஜூனில் டச்சு ஹார்பர்மீது ஜப்பான் குண்டு போட்டதும், தீவு மக்களைக் கப்பலேற்றி, தென்கிழக்கு அலாஸ்காவின் ஃபண்டர் பேயில் பாழடைந்த மீன் டப்பா ஆலையிலும் சுரங்கக் குடியிருப்பிலும் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல தண்ணி இல்லை, வைத்தியம் போதவில்லை. நோயில் பலர் செத்துப்போனார்கள். போர் முடியுமுன்பே, 1943 கோடையில், ஆண்களைத் தீவுக்குத் திருப்பி அழைத்துப்போனது அரசு. எதுக்கு? கடல்நாய் அறுவடைக்கு. அந்த வருஷம் உரித்த தோல் ஒரு லட்சத்துக்கும் மேல். குடும்பங்கள் ஊர் திரும்பியது 1944இல்தான்.

1984இல் செயின்ட் பாலில் வணிக வேட்டை நின்றது. 1988இல் வந்த சட்டம், உயிரோடிருந்த உனங்கன்களுக்குத் தலைக்கு 12,000 டாலர் கொடுத்தது. முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு அதே சட்டம் தந்தது 20,000. துயரத்துக்கும் விலைப்பட்டியல் உண்டு போலிருக்கிறது.

இன்று பயணிகள் மரத்தடுப்புகளுக்குப் பின்னால் நின்று கடல்நாய் பார்க்கிறார்கள். உனங்கன்கள் தம் சாப்பாட்டுக்காகக் கொஞ்சம் வேட்டையாடுகிறார்கள். அதைக் கண்டு முகம் சுளிக்கிற சூழலியல் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: 1911ஐ வெற்றியாகச் சொல்கிற உங்கள் கதையில் 1943 எந்தப் பக்கத்தில் வருகிறது?