தீமிதி (ஊவாத் தோட்டங்கள்)

தீமிதி: விரதமிருந்து, தணல் பரப்பிய குழியை வெறுங்காலால் கடக்கும் நேர்த்திக்கடன். பூமிதி, பூக்குழி இறங்குதல் என்றும் சொல்வர். தமிழகத்தில் திரௌபதியம்மன், மாரியம்மன் கோயில்களில் வேரூன்றிய இவ்வழக்கம், 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ஆள்கட்டி அழைத்து வரப்பட்டவர்களோடு இலங்கையின் ஊவா மலையேறியது. தொழிலாளர் குடியிருப்பான லயம் எழுந்த இடத்தில் மாரியம்மனும் எழுந்தாள்.

2014 அக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவால் வெளியார் அறிந்த ஊவா ஊர் கொஸ்லந்த. அதன் வழியே இறங்கும் வீதியில் வெல்லவாய, புத்தல தாண்டினால் முருகன் தலமான கதிர்காமம். தோட்டத்துத் திருவிழாவில் குழி இறங்குபவருக்கு ஆடி மாதக் கதிர்காமத் திருவிழாவும் தூரமில்லை.

வேடிக்கை பார்ப்பவர் கண் குழியின் மேல்தான். மிதிப்பவருக்கோ காப்புக் கட்டிய அன்றே காரியம் தொடங்கிவிடும். கவுச்சி கிடையாது, படுக்கை வெறுந்தரை, விடியுமுன் மலைத்தண்ணீரில் தலைமுழுக்கு. மற்ற நாளெல்லாம் கொழுந்தின் கிலோக் கணக்கில் மதிக்கப்படும் உடம்பு, இந்நாட்களில் தனக்குரியவரின் சொல்லுக்கு மட்டும் கட்டுப்படும். தீயைவிட இந்த விரதமே தீமிதியின் பெரும்பகுதி.

உடம்பை இழிவென்று எண்ணியிருந்து, பின் அதற்குள்ளேயே இறைவனைக் கண்டதாகத் திருமந்திரத்தில் திருமூலர் கூறுகிறார். விரதத்தில் இதை உணரக் குழி இறங்குவோர் அதைப் படித்திருக்க வேண்டியதில்லை.

கதிர்காமத் தீமிதி 20ஆம் நூற்றாண்டில் சிங்கள பௌத்தரிடமும் பரவியதை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர ஆராய்ந்தார். 1981இல் வெளிவந்த 'மெடூசாவின் கூந்தல்' நூலில், சடை விழுந்த பக்தைகளின் சொந்தத் துயரம் அந்தச் சடையிலேயே தெய்வ அருளாக உருமாறுவதைக் காட்டினார். மொரிசியஸ் தமிழரின் தைப்பூசக் காவடி பற்றி 2019இல் வெளியான திமித்ரிஸ் சிகலாட்டாஸ் குழுவின் ஆய்வு தோட்டத்துத் தீமிதிக்கு இன்னும் நெருக்கமானது: நாள்பட்ட நோயாளிகளே கூடுதலாக வருத்திக்கொண்டனர்; அதிகம் வருத்திக்கொண்டவர்களுக்கே மனநலமும் அதிகம் தேறியது.

கால் வேகாததற்குப் பௌதிகக் காரணமும் உண்டு. விறகுத் தணல் வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும். அடி பதிவதோ ஒரு கணம். பாதியில் தயங்கி நின்றால் கொப்புளம்தான். குழியின் மறுகரையில் வெட்டிய சிறு பள்ளத்தில் பால் ஊற்றி வைத்திருப்பார்கள். சாம்பல் ஒட்டிய பாதங்கள் ஒவ்வொன்றாக அதில் இறங்க, பால் மெல்லக் கறுத்துக்கொண்டே வரும்.