நவஜீவ நிலையத்துச் சிநேகிதர்கள்

மாதனூரிலிருந்து பாலாற்றை ஒட்டிக் கிழக்கே செல்லும் சாலையில் வேலூர் வைத்தியத்தை நாடிச் சென்ற ரோகிகளுள், குஷ்டரோகம் கண்ட இளம்பிராயத்துப் பிள்ளைகளின் துயரமே பெரிது என்பேன். ஏனெனில் அந்நோய் விரல்களின் உணர்ச்சியைப் பறிக்குமுன்பே ஊரார் அவர்களுடைய விளையாட்டுத் தோழர்களைப் பறித்துவிட்டனர். 1898-ஆம் ஆண்டுச் சட்டமோ, வறிய ரோகிகளைப் பிடித்து ஒதுக்கிவைக்கவே வழிசெய்தது.

1946-இல் இந்தியாவுக்கு வந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற பால் பிராண்ட், மடங்கிய விரல்களைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்தினார்; நிமிர்ந்த கைக்கும் வேலை தருவார் இல்லை என்று கண்டபோது, கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பை ஸ்தாபித்து, இளைஞர்கள் ஒருங்கே வசித்துத் தச்சுவேலையும் பொம்மை செய்தலும் கற்க வகைசெய்தார். ஒதுக்கப்பட்டவன் தன்னைப் போன்ற இன்னொருவனிடம் கொள்ளும் சிநேகத்துக்கு ஈடில்லை என்பது என் துணிபு. வலியறியாத அக்கைகளில் காலைதோறும் புதிதாய்த் தோன்றிய புண்களுக்குக் காரணம் புலப்படாமல் திகைத்து, இரவில் விழித்திருந்து காவல் காத்தபோதுதான், உறங்குபவனின் விரலை எலி கடிப்பதும், அவன் அதனை உணராமலே கிடப்பதும் தெரியவந்தன. அதன்பின் நிலையத்தில் பூனைகள் வளர்க்கப்பட்டன. வீடு திரும்புகிறவன் ஒரு பூனையையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்பது விதியாயிற்று.