ஊக்கமும் முடிவுரிமையும்: புதுச்சேரிப் பஞ்சாலைகளை முன்வைத்து

மேலாண்மைப் பாடநூல்கள் பணியாளர் ஊக்கம் பற்றிப் பேசத் தொடங்கியதுமே அமெரிக்காவுக்குப் போய்விடுகின்றன. டெய்லரின் 1911ஆம் ஆண்டு நூல், சிகாகோ அருகே ஹாதோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள், மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரை, ஹெர்ஸ்பெர்க், மெக்கிரிகர், விரூம் என்று வரிசை நகர்கிறது. முடிவெடுத்தல் அதே நூலில் வேறோர் அத்தியாயம். அதில் மேலாளர் மட்டுமே வருவார். தொழிலாளியைக் காண முடியாது. இந்தப் பிரிப்பே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். முடிவெடுப்பதில் பங்கு கேட்பது வயிறு நிறைந்தபின் எழும் ஆசை அன்று. உழைக்கும் மனத்தின் அடித்தளத்திலேயே அது இருக்கிறது. இதற்கான சான்றைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை, புதுச்சேரியில் பஞ்சாலை இயங்கிய கடலூர் சாலையே போதும்.

பிரெஞ்சிந்தியாவின் தலைநகராக இருந்த புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இயங்கின: சவானா, கெப்ளே, ரோடியர். முதல் இரண்டும் பின்னாளில் சுதேசி மில், பாரதி மில் எனப் பெயர் பெற்றன. 1898இல் தொடங்கிய ரோடியர் மில்தான் ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலை. ஊரார் வாயில் ஏ.எஃப்.டி. புதுச்சேரியின் நீலத் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் வரை விலைபோனது. பிரான்சில் 1884லேயே சங்கம் சேரும் உரிமை சட்டமாகிவிட்டது. அந்தக் குடியரசின் கொடி பறந்த புதுச்சேரி ஆலைக்குள் அந்த உரிமை நுழையவில்லை.

1936 ஜூன் 7 அன்று பாரிசில் மக்கள் முன்னணி அரசின் முன்னிலையில் மத்தினியோன் உடன்பாடு கையெழுத்தானது. ஏழு வாரங்கள் கழித்து, ஜூலை 30 அன்று, எட்டு மணிநேர வேலை, கூலி உயர்வு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் மாண்டனர். போராட்டத்தை வழிநடத்திய வ. சுப்பையா 1934 முதலே ‘சுதந்திரம்’ இதழை நடத்திவந்தவர். இந்த வரலாறு புதுச்சேரியில் பலரும் அறிந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் அஞ்சலியும் நடக்கிறது. அரசியல் வரலாற்றில் அதற்கு இடமுண்டு. பணியிட உளவியலில் அதை யாரும் சேர்த்ததாகத் தெரியவில்லை.

அப்படிச் சேர்த்துப் படித்தால் முதலில் ஆட்டம் காண்பது, மாஸ்லோவின் பெயரால் வகுப்பறைகளில் வரையப்படும் முக்கோணம். உணவு, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, தன்னிறைவு என்று கீழிருந்து மேலே படிகள். கீழ்ப்படி நிறைந்தால்தான் மேற்படி. இந்தக் கணக்கின்படி கூலி போதாத சவானா தொழிலாளி கூலியை மட்டுமே கேட்டிருக்க வேண்டும். சங்க உரிமையும் முதலாளியோடு சமமாக உட்கார்ந்து பேசும் மதிப்பும் பிறகு வந்திருக்க வேண்டும். அவரோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டார். ஏனென்றால் இன்று தரப்படும் கூலி உயர்வு நாளை பறிக்கப்படாமல் இருக்கச் சங்கம் ஒன்றே காப்பு என்பதை ஆலை வாழ்க்கை அவருக்குக் கற்றுத்தந்திருந்தது. கேட்கும் உரிமை இல்லாதவனுக்குக் கிடைக்கும் எதுவும் தானம்தான், தானத்துக்கு உறுதி கிடையாது.

மாஸ்லோவுக்கு இங்கே நியாயம் செய்ய வேண்டும். அந்த முக்கோணத்தை வரைந்தவர் அவர் அல்லர். பின்னால் வந்த மேலாண்மை ஆலோசகர்களின் கைவேலை அது. 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் தேவைகளின் வரிசை இறுகியது அன்று என்று அவரே எழுதுகிறார், விதிவிலக்குகளையும் பட்டியலிடுகிறார். பேசும் சுதந்திரம், நீதி, நேர்மை போன்றவை தேவைகளின் படிகளில் ஒன்றல்ல, எல்லாத் தேவைகளும் நிறைவேறுவதற்கான முன்நிபந்தனைகள் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. பாடநூல்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுகின்றன. சங்க உரிமைக் கோரிக்கை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டால், படிகளுக்குக் கீழே உள்ள தரையில் என்பதே விடை.

முடிவெடுத்தலின் பக்கம் வந்தால், ஹெர்பர்ட் சைமன் 1947இல் வெளியிட்ட நூலில் ஒரு கருத்து உண்டு. மேலிடத்து முடிவைப் பணியாளர் ஆராயாமல் ஏற்பது ஓர் எல்லைக்குள் மட்டுமே. எல்லை தாண்டிய ஆணை ஆணையாகவே இருப்பதில்லை. செஸ்டர் பர்னார்டு 1938இல் ஏறத்தாழ இதையே சொல்லியிருந்தார். சவானாவில் அந்த எல்லை எங்கே இருந்தது என்பதை நிர்வாகமும் அறியவில்லை, காலனி அரசும் அறியவில்லை. அறிவதற்கு வழியும் இல்லை. தொழிலாளி பேசக்கூடிய அவை எதுவும் அங்கே இருக்கவில்லை. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 1937 ஏப்ரல் 6 அன்று வெளியான ஆணை எட்டு மணிநேர வேலைநாளையும் சங்க உரிமையையும் தந்தது. அப்போது எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்குப் பத்து மணிநேர வேலையை அனுமதித்துக்கொண்டிருந்தது.

உரிமை வேறு, உற்பத்தி வேறு; முடிவில் பங்கு கிடைத்தால் தறி நன்றாக ஓடுமா என்று ஒரு நிர்வாகி கேட்கலாம். அதற்கான விடை புதுச்சேரியில் இல்லை, அகமதாபாத்தில் இருக்கிறது. 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் காலிகோ மில்லின் ஒரு தறிக்கூடத்தை ஆராய்ந்தார். தானியங்கித் தறிகள் 224, வேலைப் பிரிவுகள் 12, ஆட்கள் 29. தறி புதியதாக இருந்தும் உற்பத்தி உயரவில்லை. யார் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதே குழம்பிக் கிடந்தது. குறிப்பிட்ட தறிகளைச் சிறு குழுக்களிடம் விட்டுவிடலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டதும், யார் எந்தக் குழு என்பதைத் தொழிலாளர்களே பேசி முடித்துவிட்டார்கள். தொடக்கத் தடுமாற்றத்துக்குப் பின் செயல்திறன் சுமார் 80 விழுக்காட்டிலிருந்து 95 ஆக உயர்ந்தது. பழுதுத் துணி 32 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. கூலியும் மாறியதே என்று குறை சொல்வோர் உண்டு, அந்தக் குறையில் பொருள் இருக்கிறது. ஆனால் ஆட்களைத் தேர்ந்தது மேஸ்திரி அல்லர் என்ற உண்மையைக் கூலிக் கணக்கால் அழிக்க முடியாது.

இனி ஏ.எஃப்.டி. 1980களின் நடுவில் ஆலை தனியார் கையிலிருந்து புதுச்சேரி அரசின் நெசவுக் கழகத்துக்கு வந்தது. ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்ன மொழியில் பார்த்தால், அதிருப்தியைத் தடுக்கும் காரணிகளான வேலைப் பாதுகாப்பு, சம்பளம், பஞ்சப்படி, வைப்புநிதி ஆகியவை அரசு ஆலையில் உறுதிப்பட்டன. அவர் பட்டியலில் அதிருப்திக்கு முதற்காரணமாக நிற்பது சம்பளம் அன்று, நிறுவனத்தின் கொள்கையும் நிர்வாகமும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஏ.எஃப்.டி.யில் நடந்தது அதுதான். முடிவெடுக்கும் இடம் தறிக்கூடத்திலிருந்து இன்னும் தொலைவுக்குப் போனது: ஆலை மேலாளர், கழக நிர்வாகம், தொழில்துறை, அமைச்சரவை, துணைநிலை ஆளுநர், அதற்கும் மேலே தில்லி. பஞ்சு வாங்கப் பணம் ஒதுக்குவதா என்ற கேள்விக்குப் பதில் இத்தனை மேசைகளைக் கடந்து வர வேண்டும்.

விக்டர் விரூமின் 1964ஆம் ஆண்டுக் கோட்பாடு இந்த நிலைமைக்குத்தான் மிகவும் பொருந்துகிறது. முயன்றால் வேலை நடக்கும், வேலை நடந்தால் பலன் வரும், அந்தப் பலன் எனக்கு வேண்டியது என்ற மூன்று நம்பிக்கைகளின் பெருக்கலே ஊக்கம் என்கிறார் அவர். பெருக்கல் என்பதால் ஒன்று சுழியானால் மொத்தமும் சுழி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது ஏ.எஃப்.டி. பெரும் சேதம் கண்டது. பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தொழிலாளர்கள் லே-ஆஃபில் வைக்கப்பட்டனர். லே-ஆஃப் என்றால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி என்பது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் கணக்கு. வேலை இல்லாவிட்டாலும் நாளுக்கு ஒருமுறையாவது ஆலைக்கு வந்து முகம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் அச்சட்டத்தில் இருந்தது. உழைப்புக்கும் பலனுக்கும் இடையிலான இணைப்பை இதைவிடத் துப்புரவாக அறுக்க முடியாது. இந்த நிலையில் இருப்பவரை ‘ஊக்கம் குன்றியவர்’ என்று அளவுகோல் வைத்து அளக்கும் வினாப்பட்டியல் எதை அளக்கிறது? அவருடைய மனத்தையா, மேசைகளின் எண்ணிக்கையையா? 2020 ஏப்ரல் 30 அன்று ஆலை முறைப்படி மூடப்பட்டது.

இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். விசைத்தறியின் போட்டி, பழைய எந்திரங்கள், முதலீட்டுப் பஞ்சம் இவற்றால் நாடெங்கும் கூட்டு நெசவாலைகள் வீழ்ந்தன. தொழிலாளி நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருந்தாலும் ஏ.எஃப்.டி. தப்பியிருக்காது என்பது முதல் மறுப்பு. இருக்கலாம். தப்பியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. வீழ்ச்சிக்கான காரணங்களின் பட்டியலில் தொழிலாளியின் சோம்பலை முதலில் எழுதும் வழக்கத்தைத்தான் மறுக்கிறேன். இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது: 1936க்குப் பின் சங்கங்கள் கட்சிக்கொன்றாகப் பிரிந்தன, தொழிலாளியின் குரலை முதலாளி பறித்தது போய்க் கட்சி பறித்தது. இதில் உண்மை உண்டு. சங்கத் தலைவர் அமைச்சரோடு பேசி முடித்ததை வாயிற்கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தொழிலாளி முடிவில் பங்கு பெற்றவர் ஆகமாட்டார். பிரதிநிதித்துவமும் பங்கேற்பும் ஒன்றல்ல என்பதை இடதுசாரித் தொழிற்சங்க வரலாறுகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

பங்கேற்புக்குச் சட்டத்தில் இடம் இல்லாமலும் இல்லை. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருதரப்புப் பணிக்குழு அமைக்க 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு வழிசெய்தது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசின் கடமையாக்கும் 43-ஏ பிரிவு 1976இன் 42ஆவது திருத்தத்தால் அரசமைப்புக்குள் வந்தது. ஆனால் அது நெறிமுறைக் கோட்பாடு. நீதிமன்றம் போய்க் கேட்டு வாங்க முடியாது. பணிக்குழுக்களின் பேச்சோ பெரும்பாலும் குடிநீர், கேன்டீன், கழிப்பறை அளவில் நின்றது. பஞ்சுக் கொள்முதலும் எந்திர மாற்றமும் அங்கே வந்ததே இல்லை என்று சொல்லுமளவுக்கு அரிது. 1937இல் வென்ற உரிமை, ஆலையின் எதிர்காலம் பற்றிய அறைக்குள் கடைசிவரை நுழையவில்லை.

ஆகவே புதுச்சேரியின் வணிக மேலாண்மைத் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஹாதோர்னைக் கற்பிக்கும் வாரத்திலேயே சவானாவையும் ஏ.எஃப்.டி.யையும் கற்பியுங்கள். அந்தத் தறிகளில் நின்றவர்கள் இன்னும் முதலியார்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்கிறார்கள். ஆலையில் எந்த முடிவை யார் எடுத்தார், தம்மிடம் எப்போதாவது கேட்டார்களா என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யுங்கள். வருகைப் பதிவேடுகளும் பணிக்குழுக் குறிப்பேடுகளும் எஞ்சியிருந்தால், அவை பழைய தாள் எடைக்குப் போகும் முன் ஆவணக் காப்பகத்தில் சேர்க்க அரசிடம் கேளுங்கள்.