கார்னியின் 11ஆம் ஆட்சியாண்டு: ஒரு கல்வெட்டும் ஒரு கட்டடமும்

ஆர்மேனியாவில் ஆசாத் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் கார்னிக் கட்டடத்தைப் பற்றி வில்கின்சன் 1982இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கல்வெட்டின் காலத்தை அப்படியே கட்டடத்தின் தலையில் ஏற்றிவைத்த பழைய வழக்கத்தை அவர் உதறினார். அது நல்ல காரியம். ஆனால் காலி செய்த இடத்தில் கையோடு ஓர் அரசனின் கல்லறையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். 24 அயோனியத் தூண்கள் கொண்ட அக்கட்டடம் கோவில் அல்ல, ஏறத்தாழ கி.பி. 175இல் எழுந்த சமாதி என்பது அவர் முடிவு. முதற்பாதியை நான் ஏற்கிறேன். பிற்பாதிக்குச் சான்று போதாது என்று கருதுகிறேன்.

சிக்கலின் வேர் கல்வெட்டில் இருக்கிறது. 1945இல் ஓவியர் மார்த்திரோஸ் சர்யான் கார்னி ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் கிரேக்க எழுத்துப் பொறித்த கருங்கல் ஒன்றைக் கண்டார். ஹாகோப் மனந்தியான் அதைப் படித்து வெளியிட்டார். அந்தக் கல் கட்டடத்தின் சுவரில் இருந்ததன்று, அதிட்டானத்தை ஒட்டிக் கிடைத்ததும் அன்று. வேறெங்கிருந்தோ பெயர்த்து எடுத்துவந்த கல். இதை எல்லாரும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே மறந்துவிடுகிறார்கள்.

கல் சிதைந்திருக்கிறது. வரிகள் அரைகுறையாக முடிகின்றன. ஐயமின்றித் தேறுபவை சிலவே: 'ஹீலியோஸ்' (கிரேக்கரின் சூரியத் தெய்வம்) என்ற முதற்சொல், திரிதாத் என்ற பெயர், பெரிய ஆர்மேனியாவின் ஆட்சி, ஓர் அரசி, வெல்லற்கரிய ஏதோ ஒன்று, ஆட்சியாண்டு 11. 'வெல்லற்கரிய' என்ற அடையைக் கோட்டையோடு சேர்த்துப் படிப்பதே பெரும்பான்மை வழக்கு. கோவிலைக் குறிக்கும் சொல் எதுவும் ஐயத்துக்கு இடமின்றி அதில் இல்லை. அப்படி ஒரு சொல்லைக் காண்பவர்கள், உடைந்த எழுத்துகளைத் தாமே நிரப்பிக்கொண்டு காண்கிறார்கள்.

'கட்டினான்' என்ற வினையில் சற்று நிற்க வேண்டும். எப்சிலோன் வரவேண்டிய முதலிடத்தில் ஆல்பாவும் அயோட்டாவும் நிற்கின்றன. கற்றச்சன் காதில் விழுந்தபடி செதுக்கியிருக்கிறான், இரண்டும் அவனுக்கு ஒரே ஒலி. இந்த மயக்கம் கிரேக்க உலகில் 2ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மலிந்து கிடப்பது. அதனால் கல்லைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று வாதிடலாம். எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளில் அதற்கு முன்பே இது தலைகாட்டுவதால், 1ஆம் நூற்றாண்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் வாதிடலாம். எழுத்துப்பிழையை வைத்துக் காலம் கணிப்பவர் தமக்கு வேண்டிய விடையைப் பெரும்பாலும் பெற்றுவிடுவார். என்னளவில் இது கிரேக்கத்தைப் பேச்சில் கற்ற ஒருவன் வெட்டிய கல் என்பதற்கு மேல் எதையும் நிறுவவில்லை.

எந்தத் திரிதாத்? முதலாம் திரிதாத் கி.பி. 66இல் ரோமில் நீரோவின் கையால் முடிசூடினான். அதிலிருந்து எண்ணினால் 11ஆம் ஆண்டு 76/77. வழிகாட்டி நூல்கள் தயங்காமல் அச்சிடும் '77' இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அவன் ஆர்மேனிய அரியணையில் முதலில் ஏறியது 50களின் தொடக்கத்தில். அந்தக் கணக்கைப் பிடித்தால் 11ஆம் ஆண்டு 63ஐ ஒட்டி வரும். முடிசூட்டு விழாவிலிருந்தே அவன் எண்ணினான் என்பது நம் ஊகம். நியாயமான ஊகம் என்றாலும் ஊகமே.

மூன்றாம் திரிதாத்தும் போட்டியில் உண்டு. அவன் கிறித்தவத்தை ஏற்றவன் ஆயிற்றே, 'ஹீலியோஸ்' என்று தொடங்குவானா என்று கேட்பார்கள். மரபுக் கணக்குப்படி அவன் ஆட்சி 287இல் தொடங்கினால், 11ஆம் ஆண்டு 297ஐ ஒட்டி வரும். மதம் மாறிய ஆண்டு 301 என்றாலும் 314 என்றாலும் அதற்குப் பிந்தியது. ஆகவே இந்தத் தடை தோன்றுகிற அளவு வலுவானதல்ல.

அவனுக்குச் சாட்சி சொல்ல ஆர்மேனிய வரலாற்றாசிரியர் மோவ்சேஸ் கோரெனாட்சி வேறு இருக்கிறார். திரிதாத் கார்னிக் கோட்டையைச் செதுக்கிய கற்களால், இரும்புப் பட்டைகளும் ஈயமும் இட்டுக் கட்டி முடித்தான், தன் தங்கை கோஸ்ரோவிதுக்துக்கு அங்கே ஒரு கோடை மாளிகை எழுப்பினான், அவள் நினைவாகக் கிரேக்கத்தில் எழுதிவைத்தான் என்கிறது அவர் நூல். திரிதாத், ஓர் அரசகுலப் பெண், கோட்டை, கிரேக்க எழுத்து என நான்கும் நம் கல்லோடு ஒத்துவருகின்றன. கோரெனாட்சி இந்தக் கல்லையோ இதைப்பற்றிய ஊர்ப்பேச்சையோ அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். அவருக்குத் திரிதாத் என்றால் மதம் மாறிய பெரிய திரிதாத்தான். பெயரைக் கண்டதும் புகழ்பெற்றவன் கணக்கில் எழுதிவிடுவது வரலாற்றாசிரியர்களுக்குப் புதிதல்ல. எழுத்தமைதியை முன்னிட்டு நான் முதலாம் திரிதாத்தின் பக்கம் சாய்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

கோட்டை அவனுக்கும் முந்தியது. கி.பி. 51ஐ ஒட்டி, அரியணையைப் பறிக்க வந்த ரதமிஸ்தஸுக்கு அஞ்சிய ஆர்மேனிய அரசன் மித்ரிதாத்தஸ், ரோமானியப் படையிருந்த கோர்னேயாக் கோட்டையில் (கார்னியில்) புகுந்ததையும், அங்கிருந்த அதிகாரி கையூட்டு வாங்கியதையும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். ஆகவே கல்வெட்டின் 'கட்டினான்' என்பது இருந்ததைத் திருப்பணி செய்தான் என்பதாகவே இருக்க வேண்டும். தூண்களுக்கு அதில் பங்கில்லை.

தூண் கட்டடத்துக்கு வருவோம். 1679 நிலநடுக்கத்தில் சரிந்த இதை 1909-11இல் நிகோலாய் மார் அகழ்ந்தார். 1969-75இல் அலெக்சாந்தர் சாகினியான் மீட்டெழுப்பினார். கிடைக்காத கற்களுக்கு ஈடாக வைத்தவற்றை அவர் வேலைப்பாடின்றி மொட்டையாக விட்டார். அந்த நேர்மையால்தான் எது பழைய செதுக்கு என்று இன்றும் நம்பிப் பேச முடிகிறது. அந்தப் பழைய செதுக்குகளை ஆசியா மைனரின் 2ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களோடு ஒப்பிட்டதில் வில்கின்சன் பக்கமே நியாயம் இருக்கிறது. 114இல் டிராஜான் ஆர்மேனியாவை மாகாணமாக்கியபோது அவன் சிலைக்காகக் கட்டியது என்ற கருத்தும் இந்த நூற்றாண்டுக்குள்ளேயே அடங்கும். இரண்டில் எது என்று செதுக்கு வேலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மலைநாட்டுக் கற்றச்சர் ஒரு பாணியை அறுபது ஆண்டு தாமதமாகவும் கையாண்டிருக்கலாம்.

சமாதி என்பதற்கு வருகிறேன். மதமாற்றத்தின்போது பழைய தெய்வங்களின் கோவில்கள் இடிக்கப்பட்டன, இது இடிபடவில்லை, எனவே இது கோவில் அல்ல, கல்லறை என்கிறது வாதம். முதல் இரண்டு படிகளிலிருந்து 'இதைக் காப்பாற்ற ஒரு காரணம் இருந்தது' என்பது மட்டுமே பெறப்படும். அந்தக் காரணம் கல்லறைதான் என்று ஏன் கொள்ள வேண்டும்? இது அரசக் கோட்டைக்குள், அரண்மனையை அடுத்து நிற்கிறது. மதம் மாற்றியவனே வீட்டுக்காரன். அவன் தங்கையின் மாளிகை வளாகத்தில் ஒரு தூண் மண்டபத்தை விட்டுவைத்தது வியப்பல்ல. பிறகும் அது கைவிடப்படவில்லை. 9-10ஆம் நூற்றாண்டு அரபுக் கீறல்கள் அதில் உள்ளன. 1291இல் கோஷாக் இளவரசி கார்னி மக்களின் மீதிருந்த வரிகளை நீக்கியதை அறிவிக்கும் ஆர்மேனியக் கல்வெட்டும் அதே கட்டடத்தில்தான் வெட்டப்பட்டது. ஊரார் கண்ணில் படும் இடம் என்பதால்தானே அதைத் தேர்ந்தார்கள்?

அடுத்தது, அரசர்களை எங்கே புதைத்தார்கள் என்பது. ஆர்மேனியாவை ஆண்ட அர்சாசிட் குல மன்னர்களின் கல்லறைகள் தாரனாலியைச் சேர்ந்த ஆனியில் இருந்தன. 4ஆம் நூற்றாண்டில் பாரசீகப் படை அவற்றைத் தோண்டி எலும்புகளை அள்ளிச் சென்றதையும், சனத்ருக் மன்னனின் கல்லறையை மட்டும் உடைக்க முடியாமல் திணறியதையும், மீட்ட எலும்புகள் அக்ட்ஸ்க்கில் அடக்கம் செய்யப்பட்டதையும் ஆர்மேனிய வரலாற்றாசிரியர் பவ்ஸ்தோஸ் புசாந்த் விரித்துரைக்கிறார். அக்ட்ஸ்க்கின் நிலத்தடிக் கல்லறை இன்றும் இருக்கிறது. கார்னியில் ஓர் அரசனின் கல்லறை இருந்ததாக அவர் பேச்சே எடுக்கவில்லை.

வில்கின்சன் இதற்கு வழி வைத்திருக்கிறார். அவர் முன்மொழிவது ரோமானியர் 164இல் அரியணையில் அமர்த்திய சொஹேமஸை. ரோமின் ஆள், ஆர்மேனியரின் குலவழக்குக்குக் கட்டுப்படாதவன், ஆகவே ரோமானியப் பாணியில் சமாதி. பொருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தப் பொருத்தமே என்னைச் சந்தேகிக்க வைக்கிறது. சொஹேமஸ் கார்னியில் அடக்கமானான் என்று எந்தப் பண்டைய நூலும் சொல்லவில்லை. கட்டடத்தின் காலத்துக்கு ஏற்ற அரசனைத் தேடி, அவனைக் கொண்டே கட்டடத்தின் பயனையும் முடிவுசெய்வது வட்டத்துக்குள் சுற்றும் வாதம். சமாதி என்போர் காட்டும் ஹாலிகர்னாசஸ், பெலேவி, நெரெய்ட் நினைவுச்சின்னம் ஆகியவையோ கார்னிக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை.

அதற்காக 'மிஹ்ர் கோவில்' (மிஹ்ர் ஆர்மேனியரின் சூரியத் தெய்வம்) என்ற பழைய பலகையை மீண்டும் மாட்டவும் நான் தயாராக இல்லை. அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் தூண்களுள் முதன்மையானது கல்லறைத் தோட்டத்துக் கல்லின் 'ஹீலியோஸ்' என்ற ஒரே சொல். அதுகூடத் தெய்வத்தை விளிக்கிறதா, அரசனுக்கே சூட்டிய அடையா என்பதில் அறிஞரிடையே உடன்பாடில்லை. தூண்களுக்கு 2ஆம் நூற்றாண்டு, கல்லுக்குப் பெரும்பாலும் 76/77 என்று பிரித்து எழுதுவதே இப்போதைக்கு இயலும். கட்டடத்தின் பயன் என்ன என்ற கேள்விக்கு நேரே நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.