நெடுவாசல் நடத்திய பாடம்



வரலாறு என்றால் மன்னர்கள் மட்டுமல்ல. நம் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் வரலாறுதான்.

2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 31 ஹைட்ரோகார்பன் ஒப்பந்தங்களில் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே ஊர் திரண்டது. நானும் போனேன். என்னிடம் படித்த பெண்கள் கைக்குழந்தையோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். "தண்ணி கெட்டா நெல்லு, கடலை, வாழை எல்லாம் போச்சு சார். எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றாள் ஒருத்தி.

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும் சேர்ந்தது. அங்கே புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை வந்தது.

நாளை சூரிய மின்சாரத்துக்கும் நிலம் கேட்டு வருவார்கள். நல்ல திட்டமாகவே இருக்கட்டும். முதலில் கிராமசபையில் கேட்கட்டும். நீங்களும் தவறாமல் போய் உட்காருங்கள்.