பெயர் தொலைந்த இசையும் இசை தொலைந்த பெயரும்

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் 18ஆம் நூற்றாண்டில் ஒலித்த இசை இன்று மீண்டும் மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் வந்திருக்கிறது. அந்த மீட்பில் இருவரை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உனிகோ வில்லெம் வான் வாசெனார் (1692–1766) பிரபு, அரசியல் தூதர். கிறிஸ்டியன் எர்ன்ஸ்ட் கிராஃப் (1723–1804) ஜெர்மனியின் ருடோல்ஷ்டாட்டில் பிறந்து, ஆரஞ்சு இளவரசர் அவையின் இசைக்குழுவைத் தலைமையேற்று நடத்தியவர். முன்னவரின் இசை புழக்கத்தில் இருந்தது, பெயர் காணாமல் போனது. பின்னவரின் பெயர் நூல்களில் நின்றது, இசை காதுக்கு எட்டாமல் போனது.

நான்கு வயலின், வயோலா, செல்லோ, பக்க இசை என அமைந்த வாசெனாரின் ஆறு கான்செர்ட்டோக்கள் 1740இல் தி ஹேக்கில் அச்சாயின. வெளியிட்டவர் கார்லோ ரிச்சியோட்டி என்ற வயலின் கலைஞர். தன் பெயர் எங்கும் வரக் கூடாது என்பது வாசெனாரின் கண்டிப்பு. விளைவாக, அந்த இசை ரிச்சியோட்டியுடையது என்றார்கள். பிறகு, இளம் வயதிலேயே இறந்து புகழ்பெற்ற பெர்கொலேசியின் கணக்கில் எழுதினார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி 1920இல் அரங்கேறிய ‘புல்சினெல்லா’ பாலேவுக்காக இதிலிருந்து ஒரு பகுதியை எடுத்தபோதும் பெர்கொலேசியின் இசை என்றே எண்ணினார். 1980இல்தான் ட்விக்கல் கோட்டை ஆவணங்களில் கைப்பிரதி அகப்பட்டது. இசையியலாளர் ஆல்பர்ட் டனிங் அதை அடையாளம் கண்டார். கூடவே வாசெனார் எழுதிய குறிப்பும் இருந்தது. இவற்றில் சில பரவாயில்லை, சில நடுத்தரம், சில மோசம் என்று தன் இசையைத் தானே எடைபோட்டிருந்தார். அந்தக் குறிப்பைப் படித்த பிறகு இந்தக் கான்செர்ட்டோக்களைக் கேட்டால், இவ்வளவு கறாரான மனிதரா இவ்வளவு தாராளமாக எழுதினார் என்ற வியப்பு தீருவதில்லை. டான் கூப்மன், ராய் குட்மன் போன்றோர் அவற்றை உரியவர் பெயரிலேயே பதிவு செய்தார்கள். இங்கே மீட்புக்கு முதல் தேவையாக இருந்தது ஓர் ஆவணம்.

கிராஃபின் கதை வேறு. 1765 செப்டம்பரில் மோட்சார்ட் குடும்பம் தி ஹேக்குக்கு வந்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஆரஞ்சு இளவரசர் ஐந்தாம் வில்லியம் பதவியேற்றார். அந்த விழாவுக்குக் கிராஃப் அமைத்த பாடலை வைத்துப் பத்து வயது மோட்சார்ட் எட்டு மாறுபாடுகள் எழுதினான். மோட்சார்ட் படைப்புப் பட்டியலில் அது 24ஆம் எண். அந்த எண்ணுக்கு அடிக்குறிப்பாகவே கிராஃப் உலகுக்குத் தெரிந்தார். 1795இல் பிரெஞ்சுப் படை நுழைய, வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பினார். அவை கலைந்தது, அதை நம்பியிருந்த இசையும் ஆதரவிழந்தது.

இதை மீட்க ஓர் ஆவணம் கிடைத்தால் போதாது. அக்காலச் சிம்பொனிகள் முழு வடிவில் அச்சாவது அரிது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஏடு விற்றார்கள். அவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். பிறகு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்படி அடுக்க வேண்டும். முதல் வயலினில் மென்மையாக வாசிக்கச் சொல்லும் குறி இரண்டாம் வயலினில் விடுபட்டிருக்கும், எது சரி என்று தீர்மானிக்க வேண்டும். அதன் பிறகு குடல்நரம்புத் தந்தி, வால்வு இல்லாத ஹார்ன் ஆகியவற்றோடு ஒத்திகை. சைமன் மர்ஃபியின் தலைமையில் நியூ டச் அகாடமி குழு இதைத்தான் தி ஹேக்கிலேயே செய்தது. கிராஃபோடு அக்கால இசையமைப்பாளர்களான ஷ்விண்டல், பிரான்செஸ்கோ ஸாப்பா ஆகியோரின் சிம்பொனிகளையும் வாசித்து, பென்டாடோன் ஒலிப்பதிவு நிறுவனம் வழியாகப் பதிவாக வெளியிட்டது.

இதே ஸாப்பாவை 1984இலேயே ராக் கலைஞர் பிராங்க் ஸாப்பா, பெயர் ஒற்றுமையால் ஈர்க்கப்பட்டு, சின்க்ளேவியர் கணினி வாத்தியத்தில் பதிவு செய்திருந்தார். ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் வில் தந்தியைத் தொடும்போது எழும் மூச்சு அதில் இல்லை.

இரண்டில் கடினமானது கிராஃபின் மீட்பே என்பது என் தீர்ப்பு. வாசெனாருக்குப் பெயர் திரும்பக் கிடைத்த அன்றே கேட்பவர்கள் தயாராக இருந்தார்கள். கிராஃபுக்குக் கேட்பவர்களையே உருவாக்க வேண்டியிருக்கிறது. ஒரு குழுவின் உழைப்பு அதற்குக் காணாது. மோட்சார்ட்டின் சிறு வயது இசையை நிகழ்ச்சியில் சேர்க்கும் குழுக்கள், அதே மாலையில் கிராஃபின் ஒரு சிம்பொனியையும் வாசிக்க வேண்டும்.